சிறுகதை வழியே ஆங்கிலம்

அயல்மொழி கற்போருக்கு இலக்கணமே முதற்படி என்பது நம் நாட்டில் ஊறிப்போன எண்ணம். கதையே முதற்படியாகலாம் என்பது என் துணிபு. விஞ்ஞான மாணவனுக்கு இதில் என்ன வேலை என்று அன்பர்கள் வினவலாம். காரணம் உண்டு.

படிப்பின் பொருட்டுக் கொச்சிக்கு வந்த நான் மட்டாஞ்சேரியில் தங்கியிருக்கிறேன். பிழைப்பு நாடி இங்கு வந்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகள் சிலர் மாலையில் என்னிடம் ஆங்கிலம் படிக்கின்றனர். அவர்களுக்கு வீட்டில் தமிழ், தெருவில் மலையாளம். ஆங்கிலமோ பாடநூலுக்குள் அடைபட்டுக் கிடப்பது. அந்த ஒரு பாடத்துக்கு அஞ்சிப் படிப்பையே கைவிட நினைப்போரும் அவர்களுள் உண்டு.

அச்சம் நீங்க ஆவல் பிறக்க வேண்டும். "அப்புறம் என்ன?" என்று கேட்க வைப்பது கதை ஒன்றே. ஆனால், எல்லாக் கதையும் உதவாது. டாக்காவில் ஆசிரியப் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட் என்பார், ஐம்பது சொற்களுக்கு ஒன்றுக்கு மேல் புதுச்சொல் இருந்தால் வாசிப்புத் தடைப்படும் என்று 1926-லேயே கருதினார். அதாவது, முந்நூறு சொற்கள் கொண்ட பக்கத்தில் ஆறு புதுச்சொற்களே இருக்கலாம்.

ஆர். கே. நாராயண் எழுதிய 'ஆன் அஸ்ட்ராலஜர்ஸ் டே' என்னும் கதையை எடுத்துக்கொள்வோம். 1947-இல் வெளிவந்த தொகுதிக்குப் பெயர் தந்தது இக்கதை. தெருவோரச் சோதிடன் நமக்குத் தெரிந்தவனே. ஆகவே பாதிப் பொருள் முன்பே விளங்கிவிடும். ஆயினும் அதன் தொடக்கத்தில் கடுஞ்சொற்கள் மிகுதி. அப்பகுதியைத் தமிழில் சொல்லிவிட்டு, பிறகு எளிய ஆங்கிலத்தில் மேலே செல்லலாம். வந்தவன் சுருட்டுப் பற்றவைக்கிறான். தீக்குச்சி வெளிச்சத்தில் அவன் முகத்தைக் கண்ட சோதிடன் பின்வாங்கப் பார்க்கிறான். இங்கே புத்தகத்தை மூடிவிட வேண்டும்! அவன் ஏன் அஞ்சினான் என்று பிள்ளைகள் ஊகித்து, ஆளுக்கொரு வாக்கியம் ஆங்கிலத்தில் சொல்லட்டும். பிழை வந்தால் குறுக்கிடலாகாது; முடிவில் திருத்தினால் போதும்.

இலக்கணம் எங்கே போயிற்று என்கிறீர்களா? கதைக்குள்ளேயே இருக்கிறது. சோதிடன் அவனைக் கண்டது இன்று. கத்தியால் குத்தியது பல்லாண்டுகளுக்கு முன். "கண்டான்", "குத்தியிருந்தான்" என்று நாம் இயல்பாகவே வேறுபடுத்துகிறோம். "ஸா" என்பதற்கும் "ஹாட் ஸ்டாப்ட்" என்பதற்கும் உள்ள வேறுபாடும் அதுவே. தாய்மொழியில் உள்ளதைச் சுட்டிக்காட்டினால், சூத்திரம் மனப்பாடம் செய்யும் தொல்லை இல்லை.

தோழர்களே! நம்மில் பலர் தமிழ்வழியில் பயின்று, பல்கலைக்கழகத்தில் ஆங்கில விரிவுரை கேட்டுத் திகைத்தவர்கள். அத்திகைப்பின் சுமையை அறிந்த நாமே அதைப் பிறருக்குக் குறைக்கத் தக்கவர்கள். வாரம் ஒரு மாலை, கையில் ஒரு கதை, அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் நால்வர். தொடங்குவதற்கு இவை போதும்.