செவிலியர் பட்டப் படிப்புக்கு இரண்டாண்டு வழி

சத்தியமங்கலத்திலிருந்து திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஆசனூர், தாளவாடி செல்வோர், நோயாளி ஒருவரை அவ்வழியே கீழே கொணர்வது எத்துணைக் கடினம் என்பதை அறிவர். மலைப்பகுதிகளில் 3,000 மக்களுக்கு ஒரு துணை சுகாதார நிலையமும், 20,000 மக்களுக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையமும் வேண்டும் என்பது அரசின் அளவுகோல். ஆயினும் கட்டடம் மட்டும் நோய் தீர்க்காது. அவ்வூர்ப் பேச்சும் பழக்கமும் அறிந்து, அங்கே நிலைத்துப் பணிபுரியும் செவிலியர் வேண்டும். அத்தகையோர் நம் கிராமங்களிலிருந்தே தோன்ற வேண்டுமாயின், அக்கல்வி பெறும் வழியைப் பஞ்சாயத்து அங்கத்தினர்களும் பெற்றோரும் தெரிந்திருத்தல் அவசியம்.

படிப்பின் படிகள்

நம் நாட்டில் செவிலியர் பட்டப் படிப்பு 1946-இல் வேலூரிலும் டில்லியிலும் தொடங்கியது. இன்று பிளஸ் டூ தேறியவர் நேரே சேரும் பி.எஸ்ஸி. நர்ஸிங் 4 ஆண்டுப் படிப்பாகும். செவிலியர் மற்றும் மகப்பேறு டிப்ளமா 3 ஆண்டுகள். இந்த டிப்ளமா பெற்றவர் மேலும் 2 ஆண்டுகள் பயின்று பட்டம் பெறலாம். இதற்குப் 'போஸ்ட் பேசிக் பி.எஸ்ஸி. நர்ஸிங்' என்று பெயர். முன்னர் பெற்ற பயிற்சி கணக்கில் கொள்ளப்படுவதாலேயே காலம் குறைகிறது. இப்பட்டம் மேற்படிப்புக்கும் ஆசிரியப் பணிக்கும் வழி திறக்கும்.

உதவிச் செவிலியர் பயிற்சி முடித்தவர் இதில் நேரே சேர இயலாது. முதலில் டிப்ளமா பெற வேண்டும். அமெரிக்காவில் வேறு துறைப் பட்டதாரிகளுக்கென 12 முதல் 18 மாதங்களில் முடியும் செவிலியர் பட்டப் படிப்புகள் உண்டு. நமது இரண்டாண்டுப் படிப்போ, பதிவு பெற்ற செவிலியருக்கு மட்டுமே உரியது.

பதிவே அடிப்படை

1926-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி அமைந்த மாநிலச் செவிலியர் கவுன்சிலில் பெயர் பதிவு செய்திருத்தல் இதற்கு இன்றியமையாத தகுதி. அங்கீகாரமற்ற நிலையங்கள் ஆறு மாதம், ஓராண்டு எனப் பயிற்சி தந்து அளிக்கும் சான்றிதழ்களைக் கொண்டு இப்பதிவைப் பெற இயலாது. பதிவு இல்லையேல் பட்டப் படிப்பும் இல்லை. அரசுப் பணியும் இல்லை. மஞ்சள் விற்ற பணத்தைக் கட்டணமாகக் கட்டுமுன் பெற்றோர் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு: இப்பள்ளி செவிலியர் கவுன்சிலின் அங்கீகாரம் பெற்றதா? இங்குத் தேறியவர் பெயர் பதிவாகிறதா? பட்டக் கல்லூரியாயின், டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக் கழகத்துடன் இணைந்ததா என்பதையும் விசாரித்தல் வேண்டும். விடையை வாய்ச்சொல்லாக ஏற்காமல், எழுத்தில் பார்த்து உறுதி செய்துகொள்க.

விண்ணப்பிக்கும் முறை

அரசுக் கல்லூரி இடங்களுக்கும், தனியார் கல்லூரிகளில் அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்கும் சென்னைக் கீழ்ப்பாக்கத்திலுள்ள மருத்துவக் கல்வித் தேர்வுக் குழு ஆண்டுக்கு ஒருமுறை விண்ணப்பம் கோருகிறது. இணைய வழியே விண்ணப்பிக்க வேண்டும். விதிகள் மாறக்கூடும், ஆதலின் அவ்வாண்டின் விளக்கக் குறிப்பேட்டை முழுதும் படித்த பின்னரே விண்ணப்பத்தை நிரப்புக.

பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல், டிப்ளமா மதிப்பெண் பட்டியல்கள், பதிவுச் சான்று, சாதிச் சான்று, இருப்பிடச் சான்று ஆகியவற்றை முன்னரே திரட்டி வைத்தல் நலம். பெயரும் தலைப்பெழுத்தும் எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கின்றனவா என்று ஒப்பிட்டுப் பார்க்க. சோளகர், ஊராளி முதலிய பழங்குடியினருக்குச் சாதிச் சான்று வழங்குபவர் கோபிசெட்டிபாளையம் வருவாய்க் கோட்டாட்சியர். நேரடி விசாரணை நடைபெறுவதால் இதற்குக் காலம் பிடிக்கும். விண்ணப்பம் கோரிய பின் ஓடுவதால் பயனில்லை.

பஞ்சாயத்தின் கடமை

ஒவ்வொரு பஞ்சாயத்தும் தன் எல்லையில் பிளஸ் டூ தேறிய பெண்கள், டிப்ளமா முடித்த செவிலியர் ஆகியோரின் பட்டியல் ஒன்றை வைத்திருக்கலாம். சான்று கிடைக்காதவர் எவர் என்பதைக் கிராம சபையில் கேட்டறிந்து, உரிய அலுவலகத்துக்கு எழுதலாம். இதற்குச் செலவு அதிகமில்லை, அக்கறையே வேண்டும். ஓர் ஊர் ஒரு செவிலியரை உருவாக்குமாயின், மலையிலிருந்து கீழே இறக்க வேண்டிய நோயாளிகள் சிலருக்கேனும் ஊரிலேயே காலத்தில் கவனிப்புக் கிட்டும்.