திருப்பி அனுப்பப்பட்டவர்களையும் எழுது

சேலையூர்,
ஞாயிறு காலை.

அன்பு மகளுக்கு,

பெரியப்பா எழுதுகிறேன். வாட்ஸ்அப்பில் நீ அனுப்பிய வாரக் குறிப்பை நிதானமாகப் படித்தேன். அரசு இணையச் சேவைகளுக்குத் திரை வடிவமைக்கும் வேலையில் சேர்ந்த கையோடு, வாரக் கடைசியில் உட்கார்ந்து என்ன செய்தோம் என்று எழுதிப் பார்க்கும் பழக்கம் உனக்கு வந்திருப்பதில் சந்தோஷம். நாங்களும் நாட்குறிப்பு எழுதினோம். அது மேலதிகாரி பார்வைக்குப் போவது என்பதால், போகாத ஊருக்கெல்லாம் போய்வந்ததாக எழுதியவர்கள் உண்டு. உன் குறிப்பை யாரும் கேட்டு வாங்கவில்லை, அதனாலேயே நம்பிப் படிக்க முடிந்தது.

எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தாய். நிறம், எழுத்துரு பற்றியெல்லாம் எனக்குத் தெரியாது. வருவாய்த் துறையில் காலம் தள்ளியவன் கண்ணுக்கு ஒன்று பட்டது. திங்கள் கூட்டம், செவ்வாய் பட்டன் அளவு, புதன் முகப்பில் யார் படம் எந்தப் பக்கம் வரவேண்டும் என்ற வாக்குவாதம், வியாழன் அதே வாக்குவாதம், வெள்ளி சோதனை ஓட்டம். வாரம் முழுக்க எழுதியிருக்கிறாய், சான்றிதழ் கேட்டு வந்த ஆள் ஒருவரைக்கூட அதில் காணோம்.

இங்கிலாந்தில் 2011-இல் அரசு டிஜிட்டல் சேவைக்கென்று தனி அமைப்பு தொடங்கினார்கள், அவர்களுடைய வடிவமைப்பு விதிகளில் முதலாவது பயனாளரின் தேவையிலிருந்து தொடங்கச் சொல்கிறது, அதை மேஜையில் ஒட்டி வைத்திருக்கிறேன் என்றாய். சரி. தாம்பரத்தில் அந்தப் பயனாளர் யார்?

நீ தினமும் ஏறி இறங்கும் ஸ்டேஷனையே பார். டிக்கெட் கவுன்டரில் கூட்டம் குறையத் தானியங்கி இயந்திரம் வைத்தார்கள், பயணிகள் தாங்களே தொட்டு எடுத்துக்கொள்ளட்டும் என்று. என்ன நடக்கிறது? இயந்திரத்துக்குப் பக்கத்தில் பெரும்பாலும் ரயில்வேயில் ஓய்வுபெற்ற ஒருவர் நிற்கிறார். அவரிடம் காசைக் கொடுத்து "கிண்டி ஒண்ணு ரிட்டர்ன்" என்கிறார்கள். அவர் விரல் திரையைப் பார்க்காமலே நாலு இடத்தில் தொடுகிறது, டிக்கெட் வந்துவிடுகிறது. அந்த இயந்திரத்தின் பயனாளர் அவர்தான். உன் வேலையிலும் அப்படித்தான். வருமானச் சான்று, சாதிச் சான்று, முதல் பட்டதாரி சான்று எல்லாவற்றுக்கும் வீட்டிலிருந்தே விண்ணப்பிக்கலாம் என்று வழி வைத்திருக்கிறார்கள், ஆனாலும் முடிச்சூரிலிருந்தும் பெருங்களத்தூரிலிருந்தும் வருகிற சனம் இ-சேவை மையத்துக்குத்தான் போகிறது. அங்கே உன் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர் ஆபரேட்டர். விண்ணப்பதாரர் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, அவர் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்கிறார்.

இதை நீ குறையாக நினைக்காதே. இடைத்தரகர் என்று சொல்லி அவரை ஒழிக்கப் பார்க்கிறவர்கள் உன் அலுவலகத்திலும் இருப்பார்கள். அந்தக் கவுன்டருக்குப் பின்னால் அரை நாள் உட்கார அனுமதி வாங்கு. சர்வர் நின்றால் அவர் என்ன செய்கிறார், இத்தனை கே.பி.க்குள் என்று நீ போட்ட வரம்புக்குள் ரேஷன் கார்டைச் சுருக்கச் சுருக்க எழுத்தே மங்கிப்போவது எப்படி என்று பார். முக்கியமாக, கைப்பேசி எண் கேட்கும் கட்டத்தைப் பார். அம்மாவின் போன் வீட்டில் இருக்கும், அல்லது ஓ.டி.பி. மகனுக்குப் போகும், அவன் ஷிப்டில் இருப்பான். வரிசை நீண்டுகொண்டே போகும். சில இடங்களில் ஆபரேட்டர் தன் எண்ணையே போட்டு வேலையை முடிக்கிறார். அன்றைக்கு அது உபகாரம்தான். ஆனால் அதற்குப் பிறகு வரும் செய்தியெல்லாம் அவர் போனுக்குப் போகும், விண்ணப்பித்தவருக்கு ஒன்றும் தெரியாது. ஓ.டி.பி. வாங்கும் எண் வேறு, தகவல் போகவேண்டிய எண் வேறு என்று இரண்டு கட்டம் வைத்தால் என்ன கெட்டுப்போகும்?

இப்போது நான் சொல்ல வந்த விஷயம். போன ஜூனில் ஒரு மையத்தில் நின்றிருந்தேன். கல்லூரிச் சேர்க்கை நேரம். ஓர் அம்மா, மகனுக்கு முதல் பட்டதாரி சான்று கேட்டு விண்ணப்பித்து, அது நிராகரிக்கப்பட்டு மறுபடி வந்திருந்தார். திரையில் இருந்த காரணம்: உரிய ஆவணங்கள் இல்லை. எந்த ஆவணம் என்று அந்த அம்மா கேட்டார். ஆபரேட்டருக்கும் தெரியவில்லை. இருந்த எல்லாவற்றையும் மறுபடி ஸ்கேன் செய்து, மறுபடி 60 ரூபாய் கட்டி அனுப்பினார்கள். சேர்க்கைக்குள் கைக்கு வருமா என்று அந்த அம்மா என்னைக் கேட்டார், ஏதோ எனக்குத் தெரியும் என்பதுபோல.

அந்தக் காரணத்தை எழுதியவர் மேல் கோபப்படாதே. அந்த விண்ணப்பம் முதலில் கிராம நிர்வாக அலுவலரான வி.ஏ.ஓ.விடம் போகிறது, பிறகு வருவாய் ஆய்வாளர், அதற்குப் பிறகு துணை வட்டாட்சியரோ வட்டாட்சியரோ. நம் பக்கத்து வி.ஏ.ஓ.வின் ஒரு நாள் உனக்குத் தெரியாது. பட்டா விசாரணை, ஏரிக்கரை ஆக்கிரமிப்பு, மழை வந்தால் முகாம், தேர்தல் வந்தால் வாக்காளர் பட்டியல். இதற்கு நடுவே வரிசையாக நிற்கும் விண்ணப்பங்களைத் தள்ளவேண்டும். காரணம் எழுத ஒரு காலிக் கட்டம் கொடுத்திருக்கிறீர்கள். அதில் தமிழில் தட்ட வேண்டும். 1999-இல் தமிழ்நெட் மாநாடு நடத்தி விசைப்பலகைக்கு ஒரு தரம் கண்டோம், 2010-இல் யூனிகோடுக்கு அரசாணையும் வந்தது. அதற்குப் பிறகும் எங்கள் ஆபீஸ் கணினிகளில் நெடுநாள் வானவில் அவ்வையார் எழுத்துருதான் ஓடியது. அதில் அடித்ததை இணையதளத்தில் ஒட்டினால் பூச்சி பூச்சியாக வரும். அப்படிப் பழகின கை, காலிக் கட்டத்தைக் கண்டால் இரண்டு வார்த்தையோடு நிறுத்திக்கொள்ளும்.

அந்த இடத்தில் காலிக் கட்டமே வேண்டாம். இந்தச் சான்றுக்குக் கேட்ட ஆவணங்கள் எவையோ அவற்றின் பட்டியலையே வி.ஏ.ஓ. முன்னால் வை. ஒவ்வொன்றுக்கும் எதிரே இல்லை, தெளிவாக இல்லை, பெயர் பொருந்தவில்லை என்று தொட இடம் இருக்கட்டும். அவர் தொட்டதிலிருந்து காரணம் தானாக எழுதப்பட்டு விண்ணப்பதாரருக்குப் போகட்டும்: "தந்தையின் மாற்றுச் சான்றிதழ் தெளிவாக இல்லை. அதை மட்டும் மீண்டும் இணைக்கவும்." மட்டும் என்பதை விட்டுவிடாதே. ஒரு தாள் சரியில்லை என்றால் அந்த ஒரு தாளை மாற்றினால் போதும், விண்ணப்பமே செத்துப் புதிதாகப் பிறக்க வேண்டியதில்லை. புது விண்ணப்பம், புதுக் கட்டணம் என்று விதி இருந்தால் அதை மாற்றுவது உன் கையில் இல்லைதான். ஆனால் எத்தனை பேர் ஒரே தாளுக்காக மறுபடி பணம் கட்டினார்கள் என்ற கணக்கு உங்கள் கணினியில்தான் இருக்கிறது. எடுத்துக் கொடு. அதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்கும் அதிகாரிகளும் உண்டு, சும்மா இராதவர்களும் உண்டு.

பெயர் பொருந்தாத கதை தனி. முதல் பெயர், கடைசிப் பெயர் என்று கேட்டால் நம்மவர் அப்பா பெயரை எங்கே போடுவார்? ஓர் ஆவணத்தில் முன்னெழுத்து முன்னால், இன்னொன்றில் பின்னால், மூன்றாவதில் விரித்து எழுதியது. மூன்றும் ஒரே ஆள். முன்னெழுத்தைத் தனிக் கட்டமாக வை, அது போதும்.

முகவரியும் அப்படித்தான். தபால்காரருக்கு நாம் சென்னை 600 073. 2019 நவம்பர் வரை காஞ்சிபுரம் மாவட்டம், அதற்குப் பிறகு செங்கல்பட்டு மாவட்டம். 2021-இல் 5 நகராட்சிகளையும் 5 பேரூராட்சிகளையும் ஒன்றாக்கித் தாம்பரம் மாநகராட்சி ஆக்கினார்கள், 70 வார்டு. பழைய கார்டில் ஒன்று, புது ரசீதில் ஒன்று. இதற்கு மேல் உங்கள் படிவம் வருவாய் கிராமத்தைக் கேட்கிறது. கேம்ப் ரோட்டில் இருப்பவர் கேம்ப் ரோடு என்றுதான் சொல்வார், தான் எந்த வருவாய் கிராமத்தில் குடியிருக்கிறோம் என்று அவருக்கு எப்படித் தெரியும்? தெருவையும் பின்கோடையும் வாங்கிக்கொண்டு கிராமத்தைக் கணினி சொல்லட்டும். மாவட்டப் பட்டியலைத் தமிழில் போட்டுவிட்டு வரிசையை ஆங்கிலத்தில் விட்டுவிடுகிற திரைகளையும் பார்த்திருக்கிறேன். அரியலூர், செங்கல்பட்டு, சென்னை, கோயம்புத்தூர், கடலூர் என்று போகும். தமிழ் படிக்கத் தெரிந்தவர் தன் மாவட்டத்தை அதில் தேடித் தேடி எடுக்கவேண்டும். இது ஒரு மணி நேர வேலை, திங்கட்கிழமையே செய்துவிடு.

பார்வையற்றவர்களுக்கான சோதனை அடுத்த கட்டத்தில் என்று எழுதியிருந்தாய். 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம், டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவு தரும் உரிமையோடு சேர்ந்தது என்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. கேமரா முன் கண் சிமிட்டச் சொல்லும் முறையால் ஆசிட் வீச்சில் பாதிக்கப்பட்டவர்களும் பார்வையற்றவர்களும் அடையாளச் சரிபார்ப்பைத் தாண்ட முடியவில்லை என்று போட்ட வழக்குகளில் வந்த தீர்ப்பு அது. அடுத்த கட்டம் என்று நீ நினைத்தது இந்தக் கட்டத்திலேயே சட்டம். முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது, தாம்பரத்திலிருந்து தூரமில்லை. அங்கே யாரிடமாவது உன் படிவத்தைக் கொடுத்து நிரப்பச் சொல்லிப் பார்.

அதிகாரி கூட்டத்தில் சொன்னதை மறுவாரம் மாற்றிச் சொல்கிறார் என்று நொந்திருந்தாய். அவர் ஒருநாள் மாறுதலில் போவார், அடுத்தவர் வந்து இதை யார் இப்படிச் செய்யச் சொன்னது என்பார். வாய்மொழியாக வந்ததை அன்று மாலையே "இன்று பேசியபடி" என்று தொடங்கி மின்னஞ்சலில் அனுப்பிவிடு. சண்டை வேண்டாம், விளக்கமும் வேண்டாம். எங்கள் காலத்தில் குறிப்புக் கோப்பு செய்த வேலையை அது செய்யும். படம் எந்தப் பக்கம் என்பதில் விட்டுக்கொடு, அதில் யாருக்கும் நஷ்டம் இல்லை. நிராகரிப்புக் காரணத்தில் விட்டுக்கொடுக்காதே.

அடுத்த வாரக் குறிப்பில் முதல் பத்தியில் திருப்பி அனுப்பப்பட்டவர்களை எழுது. எத்தனை பேர், எதற்காக, மறுபடி வந்தார்களா. செய்து முடித்த வேலைகளைப் பின்னால் வைத்துக்கொள். முடிந்தால் ஒரு திங்கட்கிழமை விடுப்பு சொல்லிவிட்டுச் செங்கல்பட்டு கலெக்டர் ஆபீசுக்குப் போ. மக்கள் குறைதீர்க்கும் நாள். வாசலில் மனு எழுதிக் கொடுப்பவர்கள் இருப்பார்கள். அவர்கள் பக்கத்தில் உட்கார். எந்தச் சான்று எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று உங்கள் கணினியை விட அவர்களுக்குத் துல்லியமாகத் தெரியும், கேட்டால் சொல்வார்கள், ஒரு டீ வாங்கிக் கொடு. காலையில் அந்தப் பக்கம் போகும் மின்சார ரயிலில் உட்கார இடம் கிடைக்கும்.

அன்புடன்,
பெரியப்பா