துவைத்தாலும் உரியாத அச்சு: துணிப்பையில் வினைல் ஒட்டும் முறை



தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை வந்தது. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கப்பட்டது. துணிப்பை தைக்கும் நம் குழுக்களுக்கு இது நல்ல வாய்ப்பு. காபித்தூளும் மிளகும் வாங்கும் சுற்றுலாப் பயணிகள் ‘ஏற்காடு’ என்று எழுதிய பையை ஞாபகத்துக்காகவும் வாங்கிப் போகிறார்கள்.

ஆனால் குழுக்களுக்குப் போகும்போது ஒரு குறையை நாங்கள் அடிக்கடி கேட்கிறோம். “மேடம், ஒரு தடவை துவைச்சதுமே எழுத்து உரிஞ்சு வந்துடுச்சாம். கடைக்காரர் மீதிப் பையையும் திருப்பி அனுப்பிட்டாரு.” துணி வாங்கியது குழுக் கடனில். பை திரும்பி வந்தாலும் தவணை தேதி தள்ளிப் போகாது. எனவே எழுத்து ஏன் உரிகிறது, உரியாமல் ஒட்டுவது எப்படி என்று பார்ப்போம்.

வினைல் என்பது என்ன?

இது மெல்லிய நிறத் தகடு. அதன் அடிப்பக்கம் சூட்டில் இளகும் பசை இருக்கும். மேல்பக்கம் கண்ணாடி போன்ற தாள் ஒன்று தாங்கி நிற்கும். சூடு பட்டதும் பசை இளகி நூலுக்குள் இறங்குகிறது. ஆறியதும் இறுகிப் பிடித்துக்கொள்கிறது. வண்டியில் ஒட்டும் சாதாரண ஸ்டிக்கர் வினைல் வேறு. அதைத் துணியில் வைத்துச் சூடு பண்ணக் கூடாது. கெட்ட புகை வரும், துணியிலும் நிற்காது. கடையில் ‘துணிக்கான ஹீட் டிரான்ஸ்பர் வினைல்’ என்று கேட்டு வாங்குங்கள்.

துணியைத் தயார் செய்தல்

காடா துணியில் கஞ்சி இருக்கும். கஞ்சி மேல் ஒட்டினால் பசை நூலைத் தொடாது. மேலும், முதல் துவைப்பில் துணி சுருங்கும், வினைல் சுருங்காது. எழுத்து மடிப்பு விழுந்து தூக்கிக்கொள்ளும். ஆகவே துணியை முதலில் துவைத்துக் காயவைத்து, பிறகு வெட்டித் தையுங்கள். துவைக்கும்போது வாசனைத் திரவம் (கம்ஃபர்ட் போன்றவை) சேர்க்க வேண்டாம். அது பசையைப் பிடிக்க விடாது.

நான்-வோவன் பை வேண்டவே வேண்டாம். அது தடைப் பட்டியலில் உள்ளது. அதோடு அது பாலிபுரோப்பிலீன். சுமார் 160 டிகிரியில் உருகிவிடும்.

நம் மலையில் முக்கியமானது ஈரம்

காய்ந்ததுபோல் தெரியும் பருத்தித் துணியும் சாதாரண நாளில் தன் எடையில் 7 முதல் 8 சதவீதம் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மூடுபனி இறங்கும் நாளில் துணியில் ஈரம் இன்னும் கூடும். சூடு பட்டதும் அந்த ஈரம் ஆவியாகிப் பசைக்கும் நூலுக்கும் நடுவே புகுந்துவிடும். அன்றைக்கு எழுத்து ஒட்டியதுபோல் தெரியும். துவைத்தால் உரிந்து வரும்.

இதற்கு வழி சுலபம். வினைலை வைக்கும் முன் வெறும் துணியை ஹீட் பிரஸ்ஸில் 5 விநாடி அழுத்துங்கள். மழைக்காலத்தில் இரண்டு முறை செய்யுங்கள். பிரஸ்ஸைத் திறந்ததும் ஆவி வந்தால் துணியில் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். ஆவி நின்ற பிறகுதான் வினைல். மீதி ரோலைப் பாலித்தீன் உறையில் சுற்றி மூடி வையுங்கள்.

செய்முறை

1. படத்தை வெட்ட ஸ்டிக்கர் கடைக்குக் கொடுத்தால் ‘கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாற்றி’ என்று எழுதியே கொடுங்கள். இல்லையென்றால் எழுத்து இடவலம் மாறி வரும். பளபளப்பான தாள் பக்கம் கீழே இருக்க வேண்டும்; கத்தி அந்தத் தாளை அறுக்கக் கூடாது.
2. எழுத்தைச் சுற்றியுள்ள வேண்டாத வினைலை ஊசி முனையால் எடுத்து விடுங்கள். ‘ஏ’, ‘கா’ போன்ற எழுத்துகளின் உள்வளைவையும் பாருங்கள்.
3. ஈரம் போன துணியில் பளபளப்புப் பக்கம் மேலே இருக்கும்படி வையுங்கள். தையல், பொத்தான், மடிப்பு மேல் வைக்காதீர்கள்; மேடு உள்ள இடத்தில் அழுத்தம் சரியாக விழாது.
4. மேலே டெஃப்லான் ஷீட் போடுங்கள். பருத்திக்குப் பெரும்பாலான வினைலுக்கு 150 முதல் 160 டிகிரி, 10 முதல் 15 விநாடி, நல்ல அழுத்தம் தேவை. ரோலோடு வரும் குறிப்பில் வேறு அளவு இருந்தால் அதையே பின்பற்றுங்கள்.
5. மேல்தாளைச் சிலவற்றில் சூட்டோடும், சிலவற்றில் ஆறிய பிறகும் உரிக்க வேண்டும். இதுவும் குறிப்பில் இருக்கும். உரிக்கும்போது எழுத்தின் ஓரம் தூக்கினால் நிறுத்தி, தாளை மூடி, மறுபடி அழுத்துங்கள்.
6. உரித்த பின் டெஃப்லான் ஷீட் போட்டு இன்னும் 3 முதல் 5 விநாடி அழுத்துங்கள். துணியின் நூல் தடம் வினைல் மேல் லேசாகத் தெரிந்தால் நன்றாகப் பிடித்துவிட்டது.

அயர்ன் பாக்ஸ் போதுமா?

ஒன்றிரண்டு மாதிரிக்குப் போதும். நூறு பை ஆர்டருக்குப் போதாது. பெட்டியின் சூடு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்காது. செய்வதானால் தண்ணீரை வெளியே ஊற்றிவிடுங்கள். கம்பளி விரிப்பு அழுத்தத்தை விழுங்கிவிடும்; கெட்டியான மேசையில் மெல்லிய துணி விரித்துச் செய்யுங்கள். இழுத்துத் தேய்க்கக் கூடாது. ஒவ்வோர் இடமாக உடம்பின் எடையைக் கொடுத்து அழுத்துங்கள்.

மின்சாரம் கவனம்

சுமார் 1,800 வாட் ஹீட் பிரஸ் 8 ஆம்பியர் வரை எடுக்கும். மிக்சி போடும் சின்ன பிளக்கில் மாட்டாதீர்கள். எர்த் உள்ள 15 ஆம்பியர் பிளக் வேண்டும். வோல்டேஜ் குறையும் நேரத்தில் சூடு ஏறும்வரை காத்திருங்கள். பிள்ளைகள் அருகில் வரக் கூடாது.

விலைக் கணக்கு

உதாரணத்துக்கு: 50 செ.மீ. அகலம், 1 மீட்டர் நீளமுள்ள வினைலில் 10 செ.மீ. சதுரப் படம் கணக்குப்படி 50 வரும். இடைவெளியும் சேதாரமும் போக 40 என்று வையுங்கள். ஒரு மீட்டர் 400 ரூபாய் என்றால் ஒரு படத்துக்கு 10 ரூபாய். வெட்டுக்கூலி, மின்சாரம், ஒட்டுகிறவரின் கூலி இதில் சேரவில்லை. ‘நம்ம கைவேலைதானே’ என்று கூலியை விட்டுவிட்டால் லாபம் வந்ததுபோல் தெரியும், வந்திருக்காது.

வினைலும் ஒருவகைப் பிளாஸ்டிக்தான். பை முழுக்க ஒட்டாமல் சின்னதாக, அழகாகப் போடுங்கள். காபி இலை, மிளகுக் கொடி, காட்டெருமை என்று நம் மலையின் படமே போதும். கார்ட்டூன் பொம்மை, கம்பெனி முத்திரை ஆகியவற்றை அனுமதியில்லாமல் போட்டால் வழக்கு வரலாம்.

அனுப்பும் முன் சோதனை

ஒவ்வொரு ஆர்டரிலும் ஒரு பையை மாதிரியாக எடுத்து வையுங்கள். 24 மணி நேரம் கழித்து உள்பக்கம் வெளியே திருப்பி ஐந்து முறை துவைத்துப் பாருங்கள். எழுத்து அசையாமல் இருந்தால் மட்டும் மற்றவற்றை அனுப்புங்கள். வாங்குகிறவருக்கும் ஒரு சீட்டு வையுங்கள்: ‘முதல் நாள் துவைக்க வேண்டாம். திருப்பிப் போட்டுத் துவைக்கவும். பிளீச் வேண்டாம். எழுத்தின் மேல் நேராகத் தேய்க்க வேண்டாம்.’

அடுத்த கூட்டத்தில் பேச

* நம் குழுவில் துணியைத் துவைத்த பிறகா தைக்கிறோம்?
* ஈரம் பார்க்கும் பொறுப்பு யாருக்கு?
* சோதனைப் பையின் முடிவைத் தீர்மான நோட்டில் எழுதுகிறோமா?
* மே மாதக் கோடை விழா ஆர்டருக்கு எப்போது வேலை தொடங்க வேண்டும்?

ஒரு பை கெட்டுப்போனால் போவது ஒரு பையின் விலை. நூறு பை திரும்பி வந்தால் போவது கடைக்காரர் நம் குழுவின் மேல் வைத்த நம்பிக்கை. ஐந்து விநாடி ஈரம் போக்குவதில் அவசரம் காட்ட வேண்டாம், சகோதரிகளே.