தன்வதையும் நம் வகுப்பறைகளும்

கோடை வெயிலிலும் சட்டைக் கையை மடித்துவிட மறுக்கும் மாணவனை நாம் பார்த்திருப்போம். விளையாட்டு நேரத்தில் காரணங்கூறி ஒதுங்கும் மாணவியையும் பார்த்திருப்போம். ‘அடம்’ என்றோ ‘சோம்பல்’ என்றோ பெயரிட்டு நகர்ந்திருப்போம். சிலவேளை அது அடமாக இராது. உள்ளத்து வலியை உடலின்மேல் இறக்கிவைத்ததன் வடுவை மறைக்கும் முயற்சியாகவும் இருக்கலாம்.

தன்வதை யாது?

தன் உடலைத் தானே வேண்டுமென்றே காயப்படுத்திக்கொள்ளுதலைத் தன்வதை எனலாம். இது பெரும்பாலும் பன்னிரண்டு முதல் பதினான்கு வயதிற்குள் தலைகாட்டுகிறது. இதில் ஈடுபடுவோர் அனைவரும் சாவை நாடுவோர் அல்லர். தாங்கவியலாத துயரம், சினம், வெறுமை ஆகியவற்றிலிருந்து கணநேர விடுதலை தேடுவோரே பலர். ஆயினும் அவ்விடுதலை நிலைப்பதில்லை; குற்றவுணர்வு அதனைத் தொடர்கிறது; பழக்கம் வேரூன்றுகிறது. பின்னாளில் தற்கொலை முயற்சிக்கு இட்டுச்செல்லும் வாய்ப்பும் மிகுகிறது. எனவே சிறு காயமெனினும் அதனைப் புறக்கணித்தல் தகாது.

காரணங்கள்

வீட்டில் ஓயாத பூசல், தோழரின் ஏளனம், வெளியே சொல்லவியலாத வன்கொடுமை, மனச்சோர்வு நோய், தேர்வச்சம் எனக் காரணங்கள் பலவாம். பொதுத்தேர்வில் முதலிடங்களை அறிவிக்கும் வழக்கத்தை 2017ஆம் ஆண்டில் தமிழக அரசு கைவிட்டது. நம் வீட்டுத் திண்ணைகளோ இன்னும் கைவிடவில்லை. ‘பிறர் கவனத்தை ஈர்க்கும் நாடகம்’ என்று தன்வதையைக் கூறுவாருமுளர். பலர் அதனை மறைக்கவே முயல்கின்றனர் என்பதே உண்மை.

பள்ளியின் கடமை

வடுவைக் கண்ட ஆசிரியர் அதிர்ச்சியையோ சினத்தையோ காட்டலாகாது. தனியிடத்தில் அமரவைத்து, “உனக்கு என்ன வருத்தம்?” என்று வினவிப் பொறுமையுடன் கேட்டல் வேண்டும். சாகும் எண்ணம் உண்டா என நேரே கேட்பது அவ்வெண்ணத்தை விதைக்காது; பேசுவதற்கு வாயிலையே திறக்கும். “யாரிடமும் சொல்லமாட்டேன்” என்று வாக்களித்தல் கூடாது. உயிர்காக்கத் தேவையானவரிடம் மட்டும் சொல்வோம் என்பதே நேர்மையான வாக்கு. காலைக் கூட்டத்தில் பெயர் சுட்டிக் கண்டித்தலும், காயப்படுத்தும் முறைகளை விரித்துரைத்தலும் பிற மாணவரிடையே இதனைப் பரப்பக்கூடும்.

ஐரோப்பாவின் பத்து நாடுகளில் 168 பள்ளிகளைச் சார்ந்த பதினோராயிரத்திற்கு மேற்பட்ட மாணவரிடையே நிகழ்ந்த ஆய்வொன்று 2015இல் வெளிவந்தது. மாணவரே நடித்தும் உரையாடியும் மனநலத்தைக் கற்ற பள்ளிகளில், ஓராண்டிற்குள் நிகழ்ந்த தற்கொலை முயற்சிகள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தன. ஆசிரியருக்கு மட்டும் பயிற்சியளித்த பள்ளிகளில் அத்தகைய பயன் தென்படவில்லை. தோழனின் துயரைத் தோழனே முதலில் அறிகிறான் என்பதை நாம் எண்ணிப்பார்த்தல் வேண்டும்.

பெரியோர் கடமை

ஊரறிந்தால் இழுக்கு, காவல் நிலையம் அறிந்தால் வழக்கு என்று அஞ்சிக் காயத்தை மறைக்கும் குடும்பங்கள் உள. தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்திற்கு ஆளானவராகவே கருதவேண்டும். அவருக்குப் பராமரிப்பு அளித்தல் அரசின் கடமை என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் கூறுகிறது. சட்டமே பரிவுகாட்டும்போது சுற்றமாகிய நாம் பழிகூறல் முறையோ? நடுவண் அரசு 2022இல் தொடங்கிய தொலைபேசி மனநலச் சேவையின் எண் 14416. ஒவ்வொரு வகுப்பறைச் சுவரிலும் அதனை எழுதிவைப்போம்.

மதிப்பெண் பட்டியலைப் பார்க்குமுன் பிள்ளையின் முகத்தைப் பார்ப்போம். அம்முகம் சொல்லாததைக் கேட்கும் செவியே இன்றைய கல்விக்கூடத்தின் முதற்றேவை.