ஒரே ஓர் இசைத்தட்டு

பிரான்சு நாட்டு ழான் மிஷேல் ழார் சிந்தசைசர் இசையில் வல்லவர். 1976-இல் வெளிவந்த 'ஆக்சிஜன்' தொகுப்பைத் தம் வீட்டிலேயே பதிவு செய்து உலகப் புகழ் பெற்றார்.

1983-இல் அவர் செய்ததோ விந்தையானது. பல்பொருள் அங்காடியைக் கருப்பொருளாகக் கொண்ட கலைக்கண்காட்சி ஒன்றிற்கு இசையமைத்து, அதனை ஒரே ஓர் இசைத்தட்டாக மட்டும் அச்சிட்டார். மூல நாடாவையும் அச்சுத் தகடுகளையும் அழித்துவிட்டார். ஓவியத்திற்கு அசல் ஒன்றே. ஆகவே அதற்கு மதிப்பு. ஆயிரக்கணக்கில் அச்சாகும் இசைத்தட்டைக் கலைப்பொருளாகக் கருதுவோர் உண்டா? இதுவே அவர் எழுப்பிய வினா. பாரிஸ் நகர ஏலத்தில் அத்தட்டு 69,000 பிராங்கிற்கு விலைபோயிற்று.

ஆயினும், லக்சம்பர்க் வானொலியில் அதனை ஒருமுறை முழுமையாக ஒலிபரப்பி, திருட்டுத்தனமாகப் பதிந்துகொள்ளுமாறு நேயர்களை அவரே தூண்டினார்! (ஏலத்தை அவரே முழுதும் நம்பவில்லை போலும்.) நேயர்களும் நாடாக்களில் பதிந்தனர். கரகரப்பும் இரைச்சலும் கலந்த அப்பதிவுகள் வாயிலாக அவ்விசை இன்றும் கேட்கப்படுகிறது.