மாமா சோஷலிசம், மருமகன் முதலாளித்துவம்

கேள்வி: தொடக்கக் கல்லூரியில் படிக்கும் என் மகன், "நாம இருக்கிறது பக்கா முதலாளித்துவ நாடும்மா" என்கிறான். தேக்கா பக்கம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் இருக்கும் என் அண்ணன், "வீட்டையே அரசாங்கம் கட்டித் தருது, இது சோஷலிசம்தான்டா" என்கிறார். சென்னையிலிருந்து வந்திருந்த உறவினரோ, "சோஷலிசம்னா ஜனநாயகம் இல்லாத நாடுதானே?" என்று கேட்டுவிட்டு விமானம் ஏறிவிட்டார். மக்கள் செயல் கட்சியே ஒரு காலத்தில் சோஷலிசக் கட்சியாமே, உண்மையா?

— வாசகி, சிராங்கூன் ரோடு

பதில்: ஊருக்குப் போனவரின் கேள்விதான் எளிது, அதை முதலில் முடித்துவிடுவோம். ஆள்பவரை யார் தேர்ந்தெடுப்பது என்பது ஜனநாயகத்தின் விவகாரம். நிலமும் ஆலையும் வங்கியும் யார் கையில் இருப்பது என்பது சோஷலிசத்தின் விவகாரம். ஒன்று இருந்தால் மற்றது இருக்காது என்றில்லை. கேரளத்தில் 1957இல் கம்யூனிஸ்டுகள் வாக்குப்பெட்டி வழியாகத்தான் ஆட்சிக்கு வந்தார்கள். சிலியில் பினோசே, தேர்தலே இல்லாமல் ராணுவத்தை வைத்துக்கொண்டு தாராளச் சந்தையை நடத்தினார்.

இனி மாமனுக்கும் மருமகனுக்கும் வருவோம். உங்கள் அண்ணன் பக்கம் நியாயம் இருக்கிறது. அவர் நினைப்பதைவிடக் கூடுதலாகவே இருக்கிறது. 1966இல் வந்த நிலக் கையகப்படுத்தும் சட்டத்தால், பொதுத் தேவைக்காகத் தனியார் நிலத்தை அரசு எடுத்துக்கொள்ள முடிந்தது. பல ஆண்டுகள் அதற்குக் கொடுத்த இழப்பீடு சந்தை விலைக்குக் கீழேதான். முழுச் சந்தை விலை 2007இல்தான் வந்தது. இன்று தீவின் நிலத்தில் மிகப் பெரும்பகுதி அரசுடையது. 10 பேரில் ஏறக்குறைய 8 பேர் வீவக வீட்டில் இருக்கிறோம், அதுவும் 99 ஆண்டுக் குத்தகையில். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், சிங்டெல் இரண்டிலும் 1974இல் தொடங்கிய அரசு முதலீட்டு நிறுவனமான தெமாசெக்குக்குத்தான் பெரும்பங்கு. முதலாளித்துவ நாடு என்று பேர் எடுத்த வேறெங்கும் இந்த அளவுக்கு அரசின் கை காண்பது அரிது.

ஆனால் அதே வீட்டை அண்ணன் நாளை விற்றால் சந்தை விலைக்குத்தான் விற்பார். வாங்குபவர் தன் மத்திய சேம நிதியை எடுத்துத்தான் கட்டுவார். சேம நிதியை இப்படி வீட்டுக்கு எடுப்பது 1968 முதல் நடக்கிறது. மூலதன ஆதாய வரி கிடையாது, இறந்தவர் விட்டுச்சென்ற சொத்துக்கான வரியும் 2008இல் போய்விட்டது. மருமகன் சொல்வதும் பொய்யில்லை.

இருவரும் தவறவிடுவது வேறொன்று. அரசு உதவி என்றாலே சோஷலிசம் என்று நினைத்துக்கொள்கிறோம். சுவீடனைப் பாருங்கள்: அங்கே பெரிய நிறுவனங்களில் பெரும்பாலானவை தனியாருடையவை, ஆனால் வரி அதிகம், அந்த வரியிலிருந்து மருத்துவமும் பிள்ளை வளர்ப்பு உதவியும் எல்லாருக்கும் கிடைக்கும். அதைச் சமூக ஜனநாயகம் என்பார்கள். நம் ஊரில் கதை தலைகீழ். நிலத்தில் அரசின் பிடி இறுக்கம், நலத்திட்டத்தில் கை சற்றுச் சிக்கனம். சேம நிதியும் 1984இல் வந்த மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்பும் அவரவர் சம்பளத்திலிருந்தும் முதலாளி தரும் பங்கிலிருந்தும் சேரும் அவரவர் பணம். ஆக, சுவீடனைச் சோஷலிசம் என்றும் சிங்கப்பூரைச் சுத்த முதலாளித்துவம் என்றும் சொல்பவர், சொத்து யாருடையது என்பதைக் கேட்கவே மறந்தவர்.

கேரளத்துக் கம்யூனிஸ்டுகளைச் சொன்னேனே, அப்படியானால் கம்யூனிசம் என்பது என்ன? மார்க்ஸ் சொன்னபடி, வர்க்கமும் அரசும் மறைந்துபோன பிறகு வரும் கட்டம் அது. அங்கே போய்ச் சேர்ந்துவிட்டதாகச் சோவியத் யூனியனே சொல்லிக்கொண்டதில்லை. அதன் பெயரில் இருந்ததும் சோஷலிசம்தான்.

கடைசிக் கேள்விக்கு: உண்மைதான். 1954இல் தொடங்கிய மக்கள் செயல் கட்சி தன்னை ஜனநாயக சோஷலிசக் கட்சி என்றே அழைத்துக்கொண்டது. நிறுவியவர்களுள் யாழ்ப்பாணத்தில் பிறந்த எஸ். ராஜரத்னமும் ஒருவர். 1961இல் பிரிந்துபோன இடதுசாரிகள் தொடங்கிய கட்சிக்குப் பெயரே பாரிசான் சோஷலிஸ். ஆக அன்றைய சண்டை சோஷலிசம் வேண்டுமா வேண்டாமா என்பதல்ல, யாருடைய சோஷலிசம் என்பதே. 1976இல் மக்கள் செயல் கட்சி, பல நாட்டுச் சோஷலிசக் கட்சிகளின் கூட்டமைப்பான சோஷலிஸ்ட் அகிலத்திலிருந்து விலகியது. டச்சுத் தொழிற்கட்சி அதை வெளியேற்றச் சொல்லிப் பிரச்சினை எழுப்பியிருந்தது. வீட்டை விற்கவிட்டதோ பன்னாட்டு நிறுவனங்களை அழைத்ததோ அங்கே முக்கியக் குற்றச்சாட்டு அல்ல. விசாரணையின்றி ஆட்களைக் காவலில் வைத்ததுதான் முக்கியம். உங்கள் உறவினர் அடுத்த முறை வரும்போது பேச வேண்டிய விஷயம் அது.