கீழாநெல்லி: வளர்ப்போம், தெரிந்து பயன்படுத்துவோம்



இந்த மாத அறிவியல் பக்கத்தில் நம்ம காலடியிலேயே முளைக்கிற ஒரு சின்னச் செடியைப் பற்றிப் படிக்கப் போகிறோம். மழை பெய்து சில நாள் கழித்து ஏதாவது ஒரு சுவர் ஓரமாகக் குனிந்து பாருங்கள். புளிய இலை மாதிரி குட்டிக் குட்டி இலைகள் இருக்கும். கிளையைத் திருப்பினால் அடியில் மிளகை விடச் சின்னக் காய்கள் வரிசையாகத் தொங்கும். அதுதான் கீழாநெல்லி. இலைக்குக் கீழே நெல்லிக்காய் மாதிரி காய்ப்பதால் இந்தப் பெயர்.

இதைப் பற்றி எழுத ஒரு காரணம் இருக்கிறது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் என் தம்பிக்கு மஞ்சள் காமாலை வந்தது. எங்கள் ஆயா கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து கொடுத்தார்கள். மூன்று வாரத்தில் சரியாகிவிட்டது. இந்த வருஷம் எங்கள் மாமாவுக்குக் கண் மஞ்சளானது. ஆயா அதே மருந்தைப் பத்து நாள் கொடுத்தார்கள். குறையவே இல்லை. உடம்பெல்லாம் அரிப்பு வந்தது, சாப்பாடு இறங்கவில்லை. பிறகு ஆஸ்பத்திரிக்குப் போய் ஸ்கேன் எடுத்ததில் பித்தக் குழாயில் கல் அடைத்திருப்பது தெரிந்தது. வாய் வழியாகக் குழாய் விட்டுக் கல்லை எடுத்தார்கள். "இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா ஆபத்தாயிருக்கும்" என்று டாக்டர் சொன்னாராம்.

ஆயா ரொம்ப வருத்தப்பட்டார்கள். "அப்போ என் மூலிகை பொய்யா? பிள்ளைக்கு மட்டும் எப்படிடா சரியாச்சு?" என்று கேட்டார்கள். எனக்குப் பதில் தெரியவில்லை. டீச்சரிடம் கேட்டும் புத்தகங்களில் தேடியும் தெரிந்துகொண்டதைக் கீழே எழுதுகிறேன்.

1. மஞ்சள் எங்கிருந்து வருகிறது?

நம் ரத்தத்தில் உள்ள சிவப்பணு ஒவ்வொன்றும் சுமார் 120 நாள் உயிரோடு இருக்கும். பிறகு உடைந்துவிடும். அப்படி உடையும்போது பிலிரூபின் என்ற மஞ்சள் நிறப் பொருள் உண்டாகிறது. கல்லீரல் அதைப் பிடித்துப் பித்த நீரோடு சேர்த்துக் குடலுக்கு அனுப்பிவிடும். மலத்துக்கு நிறம் வருவது இதனால்தான். இந்த வேலை எங்காவது தடைப்பட்டால் பிலிரூபின் ரத்தத்திலேயே தங்கிவிடும். கண்ணும் தோலும் மஞ்சளாகும்.

தடை மூன்று இடத்தில் வரலாம்:

அ) சிவப்பணுக்கள் அளவுக்கு மீறி உடைவது.
ஆ) கல்லீரலே கெடுவது. வைரஸ், மதுப்பழக்கம், எலிக்காய்ச்சல், சில மருந்துகள் எல்லாம் காரணம் ஆகலாம்.
இ) பித்தக் குழாய் அடைபடுவது. கல் அடைக்கலாம், கட்டியும் அடைக்கலாம்.

ஆக, மஞ்சள் காமாலை என்பது ஒரே நோய் அல்ல. பல நோய்களுக்கு அது ஓர் அடையாளம். தம்பிக்கு வந்தது ஹெபடைட்டிஸ் ஏ என்ற வைரஸ். அசுத்தமான தண்ணீர், சாப்பாடு மூலமாகப் பரவுவது. பிள்ளைகளுக்கு வந்தால் பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே சரியாகிவிடும். மாமாவுக்கு வந்தது அடைப்பு. குழாயில் அடைத்த கல்லுக்கு வைரஸ் மாதிரி தானாகச் சரியாகும் கணக்கெல்லாம் கிடையாது.

2. மருந்தால் சரியானதா, தானாகச் சரியானதா?

தம்பி கீழாநெல்லி குடித்தான், சரியானது. குடிக்காமல் இருந்தாலும் சரியாகியிருக்குமோ? ஒருவரை மட்டும் பார்த்து இதைச் சொல்ல முடியாது. அதனால்தான் விஞ்ஞானிகள் நோயாளிகளை இரண்டு குழுவாகப் பிரிக்கிறார்கள். ஒரு குழுவுக்கு மருந்து. இன்னொரு குழுவுக்குப் பார்க்க அதே மாதிரி இருக்கும் மருந்தில்லாத கேப்சூல். பிறகு இரண்டையும் ஒப்பிடுகிறார்கள்.

கீழாநெல்லிக்கு இந்தச் சோதனை நம் பக்கத்திலேயே, சென்னையில் நடந்தது. எஸ்.பி. தியாகராஜன் குழுவினர் செய்த அந்த ஆய்வில் பாரூக் ப்ளம்பெர்க்கும் சேர்ந்திருந்தார். ஹெபடைட்டிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்ததற்காக 1976-இல் நோபல் பரிசு பெற்றவர் இவர். இந்த வைரஸ் ரத்தம் வழியாகவும், பிரசவத்தின்போது தாயிடமிருந்து குழந்தைக்கும் பரவும். சிலர் உடம்பில் பல வருஷம் சத்தமில்லாமல் தங்கும்.

அப்படிப்பட்டவர்களுக்கு 30 நாள் கீழாநெல்லிப் பொடி கேப்சூல் கொடுத்தார்கள். 1988-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் முடிவு வந்தது. மூலிகை சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் வைரஸின் அடையாளம் மறைந்திருந்தது. வெறும் கேப்சூல் சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே மறைந்தது. உலகமே நம்ம கீழாநெல்லியைத் திரும்பிப் பார்த்தது!

ஆனால் கதை அங்கே முடியவில்லை. ஒரு இடத்தில் கிடைத்த முடிவு மற்ற இடத்திலும் கிடைக்க வேண்டும். தாய்லாந்தில் இதே சோதனையைச் செய்தார்கள். அங்கே பலன் கிடைக்கவில்லை என்று 1990-இல் அதே இதழில் எழுதினார்கள். பல ஆய்வுகளையும் ஒன்றாக வைத்துப் பார்த்தவர்கள் 2011-இல், ஹெபடைட்டிஸ் பி-க்கு இது பயன் தரும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை என்று சொன்னார்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். சென்னை ஆய்வு, வைரஸ் உடம்பில் தங்கியவர்களைப் பற்றியது. கண் மஞ்சளான எல்லோருக்கும் இது மருந்து என்று அந்த ஆய்வு சொல்லவே இல்லை.

ஆக, ஆயாவின் மூலிகையைப் பொய் என்று தூக்கிப் போட வேண்டியதில்லை. நோபல் பரிசு பெற்றவரே எடுத்துச் சோதித்துப் பார்த்த செடி அது. ஆனால் "இதுவே போதும், ஆஸ்பத்திரி வேண்டாம்" என்று சொல்லும் அளவுக்கு நிரூபணம் ஆகவில்லை. இதுதான் நேர்மையான பதில்.

3. சரியான செடியை எப்படிக் கண்டுபிடிப்பது?

இதன் அறிவியல் பெயர் ஃபில்லாந்தஸ் அமாரஸ். கிரேக்க மொழியில் ஃபில்லோன் என்றால் இலை, ஆந்தோஸ் என்றால் பூ. அமாரஸ் என்றால் லத்தீனில் கசப்பு. மென்று பார்க்காமலே பெயரிலேயே கசக்கிறது!

• செடி ஒரு சாண், இரண்டு சாண் உயரம்தான் வளரும்.
• புளி மாதிரி கூட்டிலை என்று நினைப்போம். அது தப்பு. அது மெல்லிய கிளை. இலைகள் அதில் தனித்தனியாக இருக்கின்றன. கூட்டிலையில் சிற்றிலை அடியில் பூ வராது. இங்கே ஒவ்வோர் இலை அடியிலும் பூவும் காயும் வருகின்றன.
• காய் வழவழப்பாக, சின்னக் காம்போடு தொங்கும்.
• தண்டைக் கிள்ளினால் பால் வராது. பால் வந்தால் அது அம்மான் பச்சரிசி மாதிரி வேறு செடி.

இதன் உறவுக்காரச் செடிகளும் உண்டு. சிவப்புக் கீழாநெல்லியின் தண்டு சிவந்திருக்கும். காய் சொரசொரப்பாகக் காம்பில்லாமல் ஒட்டியிருக்கும். மேலாநெல்லியின் இலை அடியில் குறுகி நுனியில் அகன்றிருக்கும். சந்தேகம் இருந்தால் பறிக்கவே வேண்டாம். டீச்சரிடம் காட்டுங்கள்.

4. மீன் பெட்டியில் வளர்ப்போம்

"வாய்க்கால் ஓரத்தில்தான் நிறைய இருக்கே, எதுக்கு வளர்க்கணும்?" என்று கேட்பீர்கள். அங்கேதான் ஆபத்து. சாக்கடைத் தண்ணீர் பட்ட செடியைப் பச்சையாக அரைத்துக் குடித்தால், காமாலையைக் கொண்டுவரும் வைரஸையே சேர்த்துக் குடித்த மாதிரி ஆகிவிடும். சுத்தமான மண்ணில், நம் கண் முன்னால் வளர்ந்த செடிதான் நல்லது.

நம்ம குருசுக்குப்பத்தில் நிறைய வீடுகளுக்குத் தோட்டம் இல்லை. ஆனால் மீனுக்கு ஐஸ் போட்டு வைக்கிற உடைந்த தெர்மோகோல் பெட்டி கிடைக்கும். அது போதும்.

(1) பெட்டியை இரண்டு மூன்று முறை கழுவி வெயிலில் வையுங்கள். உப்பும் மீன் வாடையும் போக வேண்டும்.
(2) அடியில் ஆறேழு ஓட்டை போடுங்கள். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும்.
(3) செம்மண் 2 பங்கு, மக்கிய எரு 1 பங்கு, ஆற்று மணல் 1 பங்கு கலந்து நிரப்புங்கள். கடற்கரை மணலை அப்படியே போடாதீர்கள். அதில் உப்பு இருக்கும்.
(4) காய் முற்றினால் வெடித்து விதை தெறித்துவிடும். அதனால் முற்றும் சமயத்தில் கிளையை ஒடித்து, பேப்பர் மேல் போட்டு, மேலே துணி மூடிக் காய வையுங்கள். விதை பேப்பரில் விழும்.
(5) விதை மிகவும் பொடியாக இருக்கும். மணலோடு கலந்து மேலாகத் தூவுங்கள். ஆழமாகப் புதைக்க வேண்டாம். பூவாளியால் மெதுவாகத் தண்ணீர் விடுங்கள்.
(6) நாற்று ஒரு விரல் உயரம் வந்ததும் அரைச் சாண் இடைவெளி விட்டு நடுங்கள். பூச்சி மருந்து அடிக்கக் கூடாது.
(7) மூன்று மாதம் ஆனால் செடி பச்சையாக இருக்கும்போதே வேரோடு பிடுங்கிக் கழுவி நிழலில் உலர்த்துங்கள். விதைக்கு இரண்டு செடியை விட்டு வையுங்கள்.

5. வீட்டில் எப்படிப் பயன்படுத்துகிறார்கள்?

ஆயா சொன்ன முறை: செடியை வேரோடு நன்றாகக் கழுவி, அம்மியில் மை போல அரைத்து, சுண்டைக்காய் அளவு எடுத்து மோரில் கரைத்துக் காலையில் வெறும் வயிற்றில் கொடுப்பது. பழக்கம் இப்படி இருந்தாலும் யாருக்கு, எத்தனை நாள் என்பதைச் சித்த மருத்துவர்தான் சொல்ல வேண்டும். நாமாகக் கொடுக்கக் கூடாது. ஏற்கெனவே சர்க்கரை, பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரிடம் கேட்காமல் சாப்பிட வேண்டாம். கர்ப்பிணிகளும் அப்படித்தான். அரைக்கவும் கரைக்கவும் கொதித்து ஆறிய தண்ணீரையே பயன்படுத்துங்கள்.

பத்தியம் என்ற பெயரில் பிள்ளைகளைப் பட்டினி போடக் கூடாது. கஞ்சி, இட்லி, பழம் என்று உடம்பு ஏற்பதைக் கொடுக்க வேண்டும்.

6. முதலில் ரத்தப் பரிசோதனை!

கண் மஞ்சளானால் யாராக இருந்தாலும் முதலில் டாக்டரைப் பார்த்து ரத்தம் கொடுக்க வேண்டும். கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் ஒரு நாள் கூடத் தள்ளிப் போடாதீர்கள்:

• மலம் வெளுத்து, சிறுநீர் கறுத்து, உடம்பு அரிப்பது (அடைப்பாக இருக்கலாம்)
• குளிர் காய்ச்சல், கடும் வயிற்று வலி
• விடாத வாந்தி, ரத்தம் வருவது
• தூக்கக் கலக்கம், மாறி மாறிப் பேசுவது
• கர்ப்பிணிக்குக் காமாலை (ஹெபடைட்டிஸ் ஈ அவர்களுக்கு உயிர் ஆபத்து)
• பச்சைக் குழந்தைக்குக் காமாலை. கீழாநெல்லியும் வேண்டாம், வெயிலில் காட்டிவிட்டுக் காத்திருக்கவும் வேண்டாம். தேவைப்பட்டால் ஆஸ்பத்திரியில் நீல விளக்கு வைத்துச் சரிசெய்வார்கள்.

ஹெபடைட்டிஸ் பி-க்குத் தடுப்பூசி உண்டு. பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் ஊசி. அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். உங்கள் வீட்டுப் பாப்பாவின் தடுப்பூசி அட்டையை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.

எங்கள் ஆயா இப்போதும் வாசலில் பெட்டியில் கீழாநெல்லி வளர்க்கிறார்கள். தெருவில் யாராவது செடி கேட்டு வந்தால் முதலில், "டெஸ்ட் எடுத்தியாடா? சீட்டைக் காட்டு" என்கிறார்கள். சீட்டைப் படித்துச் சொல்வது என் வேலை.

பதில் சொல்லுங்கள் பார்ப்போம்

1. கீழாநெல்லியின் இலை ஏன் கூட்டிலை அல்ல?
2. மலம் வெளுத்துப் போனால் எந்த இடத்தில் தடை இருக்கலாம்?
3. சென்னை ஆய்வில் 23 பேருக்கு மருந்தில்லாத கேப்சூல் கொடுத்தது ஏன்?
4. வாய்க்கால் ஓரச் செடியை ஏன் பறிக்கக் கூடாது?

பதில்களைத் தாளில் எழுதி அறிவியல் மன்றப் பெட்டியில் போடுங்கள். சரியாக எழுதுகிறவர்களுக்கு எங்கள் வீட்டுப் பெட்டியிலிருந்து ஒரு பொட்டலம் கீழாநெல்லி விதை பரிசு!

— 9-ஆம் வகுப்பு மாணவி, அறிவியல் மன்றம்